மாலில் கடை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீட்டாளரின் கணக்கு

வங்கிக் கடனுக்காகச் சொத்து மதிப்பீடு செய்து கொடுப்பது என் தொழில். தொண்டியிலிருந்து கீழக்கரை, மண்டபம் வரை வீடு, மனை, தென்னந்தோப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தவனிடம் இப்போது மால் கடைகளும் வருகின்றன. "200 சதுர அடி, மாத வாடகை உறுதி" என்று நோட்டீஸ் சொல்லும். கட்டடம் எங்கோ ஒரு பெருநகரத்தின் புறநகரில் இருக்கும். பணம் பெரும்பாலும் சபுராளிகளுடையது, அதாவது வெளிநாட்டில் சம்பாதிக்கும் நம்மூர்க்காரர்களுடையது. கையெழுத்துப் போடுவது ஊரில் இருக்கும் வாப்பாவோ மச்சானோ.

ராமநாதபுரம் கடைத்தெருவான சாலைத் தெருவில் ஒரு கடை வாங்கினால் அடியில் இருக்கும் மண்ணும் உங்களுடையது. வியாபாரம் படுத்தாலும் இடித்துவிட்டு வேறு ஏதாவது கட்டலாம். மால் கடையில் உங்களுக்கு வருவது ஒரு கண்ணாடிக் கதவும், இரண்டு தடுப்புச் சுவரும், பத்திரத்தில் சில சதுர அடி பிரிபடாத பாகமும்தான் (எல்லோருக்கும் பொதுவான நிலத்தில் உங்கள் பங்கு). அந்தக் கடையின் விலை, கட்டடத்துக்குள் வரும் கூட்டத்தின் விலை. கூட்டத்தை வரவழைப்பது உங்கள் கையில் இல்லை.

மூடிய, ஏசி போட்ட மால் என்ற வடிவமே புறநகரில் பிறந்ததுதான். 1956-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகருக்கு வெளியே, எடைனாவில் சவுத்டேல் திறந்தது. வடிவமைத்தவர் விக்டர் குரூன். பெரிய கடைகள் கூட்டத்தை இழுக்கும், நடுவில் இருக்கும் சின்னக் கடைகள் அதில் பிழைக்கும் என்பது கணக்கு. கூட்டத்தை இழுப்பதால் பெரிய கடைக்கு வாடகையில் சலுகை. சின்னக் கடைதான் சதுர அடிக்கு அதிகம் கொடுக்கும். பெரிய கடை போனால் தாங்களும் வாடகையைக் குறைக்கலாம், காலி செய்யலாம் என்று பல சின்னக் கடைகள் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்தன. அதனால் ஒரு பெரிய கடை மூடினால் வரிசையாகப் பல ஷட்டர்கள் இறங்கின. கிளீவ்லாந்து பக்கத்தில் 1976-ல் திறந்த ராண்டல் பார்க் மால் 2009-ல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் 2018 முதல் அமேசான் கிடங்கு ஓடுகிறது!

ஆன்லைன்தான் மாலைக் கொன்றது என்பது பாதி உண்மை. தேவைக்கு மேல் கட்டியதும் ஒரு காரணம். என் அனுபவத்தில் இன்னொன்றும் உண்டு, யார் கையில் நிர்வாகம் என்பது. சென்னை ஸ்பென்சர் பிளாசா ஒரு காலத்தில் ஊரே போன இடம். அங்கே கடைகள் பல பேருக்குச் சொந்தம். 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-ல் வேளச்சேரி ஃபீனிக்ஸ் என்று வந்தவற்றில் ஒரே நிர்வாகம் கடைகளை வாடகைக்கு விடுகிறது. எந்தக் கடை எந்தத் தளத்தில், எதை எப்போது மாற்றுவது என்று அவர்களே முடிவு செய்ய முடியும். நூறு உரிமையாளர்கள் இருந்தால் எஸ்கலேட்டர் ரிப்பேருக்கே சங்கம் கூட வேண்டும்.

சரி, அந்த "உறுதியான வாடகை"க்கு வருவோம். உதாரணத்துக்கு, 30 லட்சம் பெறும் கடையை 40 லட்சத்துக்கு விற்று, மாதம் 25,000 ரூபாய் மூன்று வருடம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 9 லட்சம். நீங்கள் கூடுதலாகக் கொடுத்த 10 லட்சத்திலிருந்துதான் அது வருகிறது. நான்காவது வருடம் கடை காலியாக இருந்தாலும் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் வரும். விற்கப் போனால், வாடகை வராத கடைக்கு மதிப்பு போட வேண்டிய என் போன்றவர்களும் கை விரிப்போம்.

நம் ஊரிலேயே, பட்டினம்காத்தான் பக்கமோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ மால் வந்தால்? ராமேஸ்வரத்துக்கு வரும் கூட்டத்தைக் காட்டி விற்பார்கள். அவர்கள் தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, ஒரு சங்கு வாங்கிக்கொண்டு ரயில் ஏறுகிறவர்கள். கரையோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, அப்போது கடைத்தெருவிலேயே காசு புழங்காது. சபுராளி வீட்டுச் செலவு அவர் விடுமுறையில் வரும்போது ஏறும், போனதும் இறங்கும். மாதா மாதம் ஏசி கரண்ட் பில் கட்ட இந்தக் கூட்டம் போதுமா என்று எனக்குச் சந்தேகம்தான். தரைத்தளத்தில் சூப்பர் மார்க்கெட், மேலே துணிக்கடை என்று ஒருவரே நடத்தும் காம்ப்ளக்ஸ் வேறு கதை. அது ஓடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் வாங்குவதென்றால், முதலில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். நிலம் 500 சதுர மீட்டரையும், கடைகள் எட்டையும் தாண்டினால், விளம்பரம் செய்யும் முன்பே பதிவு வேண்டும். அப்புறம் கார்ப்பெட் ஏரியா, அதாவது கடைக்குள் நீங்கள் புழங்கும் தரைப்பரப்பு. நோட்டீஸில் 200 சதுர அடி இருக்கும், டேப் பிடித்தால் 120-ஐத் தாண்டாது. நடைபாதையும் மாடிப்படியும் நோட்டீஸ் கணக்கில் சேர்ந்திருக்கும். காலியாக இருக்கும் மாதங்களின் பராமரிப்புக் கட்டணம் யார் தலையில் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, தனக்காக இங்கே கையெழுத்துப் போட ஒருவருக்குப் பவர் பத்திரம் அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.