கச்சா எண்ணெய்: இந்த ‘கச்சா’ன்னா என்ன?

கச்சா எண்ணெய் விலை ஏறுச்சு எறங்குச்சுன்னு தினமும் செய்தியில கேக்குறோம், ஆனா கச்சான்னா என்னன்னு கேட்டா அது ஏதோ எண்ணெயோட பேருன்னு தான் நெறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க.

கச்சா இந்திச் சொல். பழுக்காதது, வேகாததுன்னு அர்த்தம். எதிர்ப்பதம் பக்கா, அது சமஸ்கிருத ‘பக்வ’லேர்ந்து வந்தது, நம்ம பக்குவமும் அதே வேர் தான். இங்கிலீஷ்ல சொல்ற குரூடுக்கும் லத்தீன்ல பச்சையா இருக்குறதுன்னு தான் பொருள். ஆக இது சமையக்கட்டு வார்த்தை, பூமிலேர்ந்து எடுத்து இன்னும் சுத்திகரிக்காத எண்ணெய் தான் கச்சா எண்ணெய்.

நைஜீரியாவ பாத்தா இந்த அர்த்தம் நல்லா புரியும். 1956ல அங்க நைஜர் ஆத்து டெல்டாவுல ஒலோய்பிரிங்கிற ஊர்ல எண்ணெய் கெடச்சுது, 1958லயே ஏற்றுமதி ஆரம்பம். அவங்க போனி லைட்ங்கிற கச்சா எண்ணெய் ரகத்துல கந்தகம் கம்மி, சுத்திகரிக்க சுலபம், அதனால நல்ல கிராக்கி. ஆனா போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடூனா ஊருங்கள்ல இருந்த அரசு சுத்திகரிப்பு ஆலைங்க வருஷக்கணக்கா சரியா ஓடாததால கச்சாவ வித்துட்டு பெட்ரோல வெளிநாட்டுலேர்ந்து வாங்கிட்டிருந்தாங்க. லாகோஸ் நகரத்துப் பக்கம் இருக்குற டாங்கோட்டே ஆலை நாளுக்கு 6,50,000 பீப்பாய் சுத்திகரிக்கிற அளவு பெருசு, அது பெட்ரோல் குடுக்க ஆரம்பிச்சதே 2024 செப்டம்பர்ல தான்.

டெல்டா ஓடைக்கரைல இந்த சமையல் நெசமாவே நடக்குது. குழாய்லேர்ந்து திருடுன கச்சாவ இரும்பு டிரம்முல ஊத்தி அடியில தீ மூட்டுறாங்க, வர்ற ஆவிய குழாய் வழியா குளிர வச்சா டீசலும் மண்ணெண்ணெயும் சொட்டும், அடியில தங்குற தார் மாதிரி கசடு ஓடைலயே போயிடும், புகை போர்ட் ஹார்கோர்ட் வரைக்கும் போய் ஜன்னல்லயும் கொடில காயுற துணிலயும் கரியா படியும். மீன் புடிச்சு பொழச்ச ஊருங்க அது, மனசே ஆறல.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? இலங்கைல மசகு எண்ணெய்ங்கிறாங்க, ஆனா தமிழ்நாட்டுல மசகுன்னா வண்டிக்கு போடுற மை, கிரீஸ் தான் ஞாபகம் வரும். பச்சைப் பால் மாதிரி பச்சை எண்ணெய்னா கலர்னு நெனச்சிடுவாங்க. கரட்டு எண்ணெய்னும் எழுதுறாங்க, தப்பில்ல. எனக்கு புடிச்சது பண்படா எண்ணெய், இன்னும் பக்குவம் ஆகலங்கிற அந்தப் பழைய அர்த்தம் அதுல அப்படியே இருக்கு.