21 நாள், 10 நாள், 5 நாள்: கல்லூரி ஆசிரியர் பயிற்சிக் கணக்கு

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஓடியதும் ஆசிரியர் அறையில் ஒரு கேள்வி காதில் விழ ஆரம்பிக்கும். "ஓரியண்டேஷன் முடிச்சாச்சா? ரெஃப்ரெஷர் எத்தனை இருக்கு?" பாடம் எப்படிப் போகிறது என்று கேட்பவர்களைவிட இதைக் கேட்பவர்கள்தான் அதிகம். ஓரியண்டேஷன் என்பது புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான அறிமுகப் பயிற்சி, ரெஃப்ரெஷர் என்பது பாட அறிவைப் புதுப்பிக்கும் பயிற்சி. எல்லோரும் இதைக் கேட்கக் காரணம், இந்தப் பயிற்சிகள் இல்லாமல் சி.ஏ.எஸ். எனப்படும் பணி மேம்பாடு கிடைக்காது. அது கிடைக்காவிட்டால் ஊதிய நிலை உயராது.

அடிப்படை ஆவணம் யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் வெளியிட்ட விதிமுறைகள். தமிழ்நாட்டில் அதை ஒட்டி 2021 ஜனவரியில் அரசாணை எண் 5 வந்தது. யு.ஜி.சி. 2025 ஜனவரியில் புது வரைவு ஒன்றையும் வெளியிட்டது. நான் இங்கே சொல்வது 2018 விதிகளின் கணக்கு. அதிலும் பயிற்சி பற்றிய பகுதி மட்டும்தான். மற்ற நிபந்தனைகள் தனி.

முதல் படி, ஊதிய நிலை 10-இலிருந்து 11-க்கு. பிஎச்.டி. இருந்தால் 4 ஆண்டு, எம்.ஃபில். இருந்தால் 5, இரண்டும் இல்லையென்றால் 6 ஆண்டுப் பணி வேண்டும். கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் ஓரியண்டேஷன் ஒன்று கட்டாயம். அதோடு குறைந்தது ஒரு வாரப் பயிற்சி ஒன்று. இந்த ஒரு வாரம் என்பதை விதியே 5 நாள் என்று விளக்கிவிடுகிறது. ரெஃப்ரெஷர், ஆய்வு முறையியல், பாடத்திட்ட மேம்பாட்டுப் பட்டறை, எஃப்.டி.பி. எனப்படும் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி எதுவானாலும் சரி. அதற்குப் பதிலாக ஒரு இணையப் படிப்பைச் சான்றிதழோடு முடித்திருந்தாலும் போதும்.

11-இலிருந்து 12-க்குப் போக 5 ஆண்டு. இங்கே இரண்டு பயிற்சி, ஒவ்வொன்றும் குறைந்தது 2 வாரம், அதாவது 10 நாள். ஒரு 10 நாள் பயிற்சிக்கு ஈடாக இரண்டு 5 நாள் பயிற்சிகளைக் காட்டலாம். 12-இலிருந்து 13ஏ-க்கு 3 ஆண்டு. அங்கே இப்படி ஒன்று போதும், ஆனால் பிஎச்.டி. இருந்தாக வேண்டும்.

பலர் இடறுவது நாள் கணக்கில்தான். நானும் இடறினேன். தலைப்பில் "ஒரு வாரப் பயிலரங்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு சான்றிதழை ஆசையாகக் கோப்பில் வைத்திருந்தேன். பரிசீலனைக் குழுவில் இருந்தவர் தலைப்பைப் பார்க்கவே இல்லை. நேராகத் தேதிகளில் விரலை வைத்து எண்ணினார். நான்கு நாள். "இது செல்லாது சார், வேற இருக்கா?" என்றார். நல்லவேளை, வேறு இருந்தது. இன்னொரு சிக்கல், பயிற்சி எந்தக் காலத்தில் நடந்தது என்பது. 12-க்கு விண்ணப்பிக்கும்போது 11-இல் இருந்த காலத்தில் எடுத்த பயிற்சிகள்தான் எண்ணிக்கையில் வரும். அதற்கு முன்னால் ஆர்வத்தில் நான்கைந்து எஃப்.டி.பி. கூடுதலாக முடித்திருந்தால் அவை அறிவுக்கு உதவும், கோப்புக்கு உதவாது.

சரி, எங்கே படிப்பது? 1986 கல்விக் கொள்கையை அடுத்துப் பல்கலைக்கழகங்களில் கல்விப் பணியாளர் கல்லூரிகள் வந்தன. பிறகு அவையே மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தில் மறுபடியும் பெயர் மாறி, இப்போது மாளவியா மிஷன் மையங்கள். மூத்த பேராசிரியர்கள் இன்னும் "ஸ்டாஃப் காலேஜ்" என்றுதான் சொல்வார்கள். குழம்ப வேண்டாம், இடம் அதேதான். நாடு முழுக்க 111 மையங்களோடு திட்டம் தொடங்கியது. நம் பக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம், பாரதியார், பாரதிதாசன், மதுரை காமராசர் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. பழைய ஓரியண்டேஷனின் இடத்தில் இப்போது நடப்பது 'குரு தக்ஷதா' என்ற ஒரு மாத அறிமுகப் பயிற்சி. தேசியக் கல்விக் கொள்கை பற்றிய 36 மணி நேர இணைய வகுப்பு ஒன்றும் உண்டு. அது வேறு, அறிமுகப் பயிற்சி வேறு. ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றையும் முடித்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் தனி வழி இருக்கிறது. ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையக் கல்வித் தளத்தில் 8 பாடத்தொகுதிகள் கொண்ட தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி. பாடத்தைத் திட்டமிடுவது, தொழில்நுட்பத்தோடு கற்பிப்பது, மாணவரை மதிப்பிடுவது எல்லாம் அதில் தனித்தனித் தொகுதிகள். ஏ.ஐ.சி.டி.இ.யின் பயிற்சி அமைப்பான அடல் அகாடமியின் எஃப்.டி.பி.களும் உண்டு. தரமணியில் 1964 முதல் இருக்கும் தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் வேலையே இதுதான்.

ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்கு, ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையப் படிப்புத் திட்டமான என்.பி.டி.இ.எல். பரவாயில்லை. 8 வாரப் படிப்பு ஒன்று ஒரு எஃப்.டி.பி.க்குச் சமம், 4 வாரம் என்றால் அரை, 12 வாரம் என்றால் ஒன்றரை. மதிப்பெண்ணில் வார ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டுமென்றால் முதலாவதில் 10, இரண்டாவதில் 30 எடுத்தே ஆக வேண்டும். கேமராவை அணைத்துவிட்டுக் குழம்பு தாளித்தபடி கேட்கும் பயிற்சிகளும் சந்தையில் ஏராளம். அப்படியும் ஒன்று எடுத்திருக்கிறேன், மறைப்பானேன். ஆனால் என் வகுப்பறையை மாற்றியது வேறொரு பயிற்சி.

அதில் முதல் நாளே எங்கள் பாடத்தின் ஒரு அலகை எடுத்து, "இது முடிந்ததும் மாணவர் என்ன செய்வார்?" என்று ஒரே வரி எழுதச் சொன்னார்கள். நான் பி.காம். அடக்கவிலைக் கணக்கியல் எடுப்பவன். "சரக்கு மதிப்பீட்டு முறைகளைப் புரிந்துகொள்வார்" என்று எழுதினேன். "புரிந்துகொண்டதை எப்படிப் பார்ப்பீர்கள்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் பயிற்றுநர். மூன்றாவது முறைதான் தேறியது: "ஒரு பேக்கரியின் மைதா வரவு செலவைக் கொடுத்தால், முதலில் வந்தது முதலில் போகும் முறையில் மாத இறுதி இருப்பின் மதிப்பைக் கணக்கிடுவார்."

இப்படி எழுதியதும் வினாத்தாள் தானாக வந்துவிட்டது. 1-ஆம் தேதி 50 கிலோ, கிலோ 40 ரூபாய். 10-ஆம் தேதி இன்னொரு 50 கிலோ, 44 ரூபாய். 15-ஆம் தேதி 70 கிலோ செலவு. மீதி 30 கிலோவின் மதிப்பு 1,320 ரூபாய். மூடுல் என்ற இணைய வகுப்பறை மென்பொருளில் இதை வினாடி வினாவாக ஏற்றும்போது தப்பான விடைகளையும் யோசித்துத்தான் வைத்தோம். 1,260 என்று குறித்த மாணவர் சராசரி விலையைப் போட்டிருக்கிறார். 1,200 என்றவர் கடைசியில் வந்ததை முதலில் வெளியே அனுப்பிவிட்டார். ஒவ்வொரு விடைக்கும் அந்தத் தப்பைச் சொல்லும் ஒரு வரி திரையில் வரும். 60 பேர் வகுப்பில் யார் எங்கே வழுக்கினார்கள் என்பது மறுநாள் காலையில் எனக்குத் தெரியும். முன்பெல்லாம் அது செமஸ்டர் விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரியும்.

இந்த வேலையையே கணக்கில் காட்டவும் விதியில் இடமிருக்கிறது என்பது பலர் கவனிக்காத விஷயம். நான்கு பகுதி மின்பாடம் என்று விதி ஒன்றைச் சொல்கிறது: காணொளி, வாசிப்புப் பொருள், சுயமதிப்பீட்டு வினாக்கள், சந்தேகம் கேட்கும் கலந்துரையாடல். 11-இலிருந்து 12-க்குப் போகையில், ஒரு பாடத்தின் 10 அலகுகளுக்காவது இந்த நான்கில் ஒரு பகுதியை உருவாக்கித் தந்திருந்தால், தேவையான இரண்டில் ஒன்றாக அதைக் காட்டலாம். வேறெங்கோ போய் உட்காரும் 10 நாளைவிட இது எனக்கு நியாயமாகப் படுகிறது.

அப்புறம் விடுப்பு. ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர், அறிமுகப் பயிற்சி, கருத்தரங்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கல்வியாண்டில் அதிகபட்சம் 30 நாள் பணி விடுப்பு, முழு ஊதியத்தோடு. ஒரு மாத அறிமுகப் பயிற்சிக்குப் போனால் அந்த ஆண்டின் கணக்கு அநேகமாகத் தீர்ந்தது. விதியில் இருப்பது "அளிக்கலாம்" என்ற சொல், "அளிக்க வேண்டும்" அல்ல. ஆகவே பயிற்சிக்குப் பதிவு செய்யும் முன்பே துறைத்தலைவர் வழியாக முதல்வருக்குக் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். அந்த அனுமதிக் கடிதத்தின் நகல், பணி விடுவிப்பு ஆணை, சான்றிதழ் மூன்றையும் ஒன்றாகப் பின் அடித்து வையுங்கள். ஆறு வருடம் கழித்துக் கோப்பைத் திறக்கும்போது அந்த முதல்வரும் இருக்க மாட்டார், அந்த அலுவலக உதவியாளரும் இருக்க மாட்டார்.