ஃபினிஷ்: சொல் விளக்கம்

அடுப்படிக் கப்போர்டுக்கு மறுபடி பாலிஷ் போட ஆள் வந்தால், அவர் கேட்கும் முதல் கேள்வி "ஆச்சி, என்ன ஃபினிஷ் வேணும்?" என்பதுதான். "ஃபினிஷிங் நல்லா இருக்கணும்ப்பா" என்று ஆச்சி சொல்வார். இருவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள், ஆனால் பொருள் வேறு. அவர் கேட்டது பளபளப்பின் அளவை. ஆச்சி சொன்னது வேலைத் திருத்தத்தை. அடுத்து ஹார்டுவேர் கடைக்குப் போனால் அங்கே "பியூ ஃபினிஷா, மெலமைன் ஃபினிஷா?" என்று கேட்பார்கள். அது பூசும் பொருளைப் பற்றிய கேள்வி. பக்கத்துக் கடையில் "டீக் ஃபினிஷ்" என்று ஒரு சன்மைக்காவை எடுத்துக் காட்டுவார்கள். அதில் தேக்கு ஒரு துளிகூட இருக்காது, தேக்கின் தோற்றம் மட்டும் அச்சாகியிருக்கும்.

ஆக, ஒரே சொல் நான்கு வேலை பார்க்கிறது. கப்போர்டு புதுப்பிக்கும்போது வரும் குழப்பத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். சொல்லைப் பிரித்துவிட்டால் தேர்வும் தானாகப் பிரிந்துவிடும்.

முதலில் வேர். ஃபினிஷ் என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் மூலம் லத்தீன் 'ஃபினிஸ்': எல்லை, முடிவு. ஒரு வேலையின் கடைசிக் கட்டத்துக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு அந்தக் கட்டத்தில் மரத்தின் மேலும் துணியின் மேலும் செய்யும் பக்குவத்துக்கே பெயராகிவிட்டது. ஃபைனான்ஸ் என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். பழைய பிரெஞ்சில் அதற்குக் கடனைத் தீர்ப்பது, கணக்கை முடிப்பது என்று பொருள். வட்டித் தொழிலில் பேர் வாங்கிய செட்டிநாட்டில் இதைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

இதற்குத் தமிழ் தேடுகிறவர்கள் சிலர் 'முடிவு', 'நிறைவு' என்று எழுதுகிறார்கள். வேரைப் பார்த்தால் சரிதான், வேலைக்கு உதவாது. "மரத்துக்கு என்ன முடிவு வேணும்?" என்று எந்த ஆசாரியும் கேட்கமாட்டார். 'மேற்பூச்சு' என்பது பாதி சரி. பெயிண்ட் அடித்த பலகைக்குப் பொருந்தும், எண்ணெய் மட்டும் தேய்த்து விட்ட பலகைக்குப் பொருந்தாது. நான் பரிந்துரைப்பது மெருகு.

மெருகு இன்றும் புழக்கத்தில் இருக்கிற சொல். தட்டார் நகைக்கு மெருகு போடுகிறார். புதுமை கெடாமல் இருப்பதை 'மெருகு குலையாமல்' இருக்கிறது என்கிறோம். எழுதியதைத் திருத்தினால் மெருகேற்றினோம் என்கிறோம். தெலுங்கிலும் 'மெருகு' என்றால் ஒளி, பளபளப்பு. மின்னலுக்கு அங்கே 'மெருப்பு' என்று பெயர். கன்னடத்திலும் இந்தச் சொல் உண்டு. மேற்பரப்பில் விளையும் ஒளி என்ற பொருள் மெருகுக்கு இயல்பாகவே இருக்கிறது. மெழுகு என்பது வேறு. அது தேனடையின் மெழுகு, தரையை மெழுகுவது. ஒலி நெருக்கத்தால் சிலர் இரண்டையும் ஒன்றாக்கி 'மெழுகு ஏற்றுதல்' என்று எழுதிவிடுகிறார்கள்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் நின்றுகொண்டு இந்தச் சொல்லை விளக்குவது எளிது. முகப்பிலும், முற்றத்தைச் சுற்றியுள்ள வளவிலும் சுவர்களில் கை வைத்தால் வழுக்கும். பளிங்கு என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அது சுண்ணாம்புச் சாந்து. பல அடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, தேய்த்துத் தேய்த்து ஒளி வரவழைத்தது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, அதில் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்தில் படிந்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க, மிதிபட மிதிபட ஒளி கூடுகிறது. பர்மாத் தேக்குத் தூண்களும் அப்படித்தான். நிறம் ஒன்று, ஒளி இன்னொன்று என்பதை இந்த வீடுகளைக் கட்டிய கொத்தனாரும் ஆசாரியும் நன்றாக அறிந்திருந்தார்கள்.

சரி, கப்போர்டுக்கு வருவோம். ஃபினிஷ் என்ற ஒரு சொல்லுக்குப் பதிலாக மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளலாம்: சாயம், பூச்சு, மெருகு. சாயம் மரத்துக்குள் இறங்கும், ரேகை தெரியும். கடையில் 'வுட் ஸ்டெயின்' என்று விற்பது இதுதான். பூச்சு மரத்தை மூடும், ரேகை மறையும். பெயிண்ட், எனாமல், டூக்கோ எல்லாம் இதில் அடங்கும். மெருகு என்பது இவை இரண்டில் எதைச் செய்தாலும் மேலே கடைசியாக நிற்கும் ஒளி. பாலிஷ்காரரிடம் கேட்பதும் அந்த வரிசையில் இருக்க வேண்டும். சாயமா பூச்சா? எந்த நிறம்? எவ்வளவு மெருகு? நிறத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதை அவர் கையில் விடுகிறவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள்.

சாயமா பூச்சா என்பதைப் பலகைதான் தீர்மானிக்கும். நல்ல தேக்கு என்றால் மூடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய கதவையும் நிலையையும் தேடி எங்கெங்கிருந்தோ வந்து வாங்கிப் போகிறார்கள். அந்த மரத்தை வீட்டில் வைத்துக்கொண்டு அதன் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது பெரிய இழப்பு. வெனீர் ஒட்டிய பிளைவுட் என்றால் சாயம் ஏற்றலாம், ஆனால் மேலே இருப்பது மிக மெல்லிய மரத்தோல் என்பதை மறந்து அழுத்தித் தேய்த்தால் அடிப்பலகை வெளியே வந்துவிடும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைக்கு ரேகையே கிடையாது, அதற்குப் பூச்சுதான். ஓரங்களை மட்டும் நன்றாக அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஈரம் குடித்து உப்பும். சன்மைக்கா ஒட்டியது என்றால் அதில் சாயம் இறங்காது. பலகை மாற்றுவதா, தனி பிரைமர் போட்டுப் பூசுவதா என்று ஆசாரியிடம் பேசி முடிவெடுக்க வேண்டியதுதான்.

நிறம் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்த வேலையைத் தரையே முடித்துவைத்திருக்கிறது. அடுப்படியில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் செங்காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று கோலம்போல நிறங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும். கப்போர்டும் சேர்ந்து பேசினால் கண் களைத்துப்போகும். கல்லில் இருக்கும் நிறங்களில் பின்னணியாக இருப்பதை, பெரும்பாலும் சந்தன நிறத்தையோ வெளிர் சாம்பலையோ எடுத்துக் கப்போர்டுக்குக் கொடுங்கள். தைரியம் இருந்தால் கப்போர்டின் கீழ் அறைகளுக்கு மட்டும் கல்லின் கரும்பச்சையோ செங்காவியோ கொடுக்கலாம். சுத்த வெள்ளை வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எண்ணெய் சார்ந்த எனாமல் வெள்ளை நாளாக ஆக மஞ்சளிக்கும், வெளிச்சம் படாத இடத்தில் இன்னும் சீக்கிரம். வீட்டின் கடைசிக் கட்டில், முற்றத்து வெளிச்சம் எட்டியும் எட்டாமலும் இருக்கிற அடுப்படிகளுக்கு அது ஏற்றதல்ல. தண்ணீர் சார்ந்த பூச்சு அந்த அளவுக்கு மஞ்சளிக்காது.

இன்னொன்று, கடையில் பார்த்த நிறம் வீட்டில் அப்படியே இருக்காது. கடையில் எரிவது பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு. வீட்டில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு போட்டிருந்தால் சாம்பல் நிறம் பழுப்படித்துத் தெரியும், நீலப்பச்சை அழுக்காகத் தெரியும்.

மெருகின் அளவுகளுக்கு வருகிறேன். கடை மொழியில் மேட், சாட்டின், கிளாஸி. இதைக் கண்ணால் மட்டும் சொல்வதில்லை, அளக்கவும் செய்கிறார்கள். பரப்பின் மேல் 60 டிகிரி கோணத்தில் ஒளியைப் பாய்ச்சி எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பார்கள். மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடிக்கு 100 என்று வைத்துக்கொண்டால், 10க்குக் கீழே இருப்பது மேட், 70க்கு மேலே இருப்பது நல்ல கிளாஸி. இவற்றுக்குத் தமிழில் அடங்கிய மெருகு, பட்டு மெருகு, கண்ணாடி மெருகு என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. 'மங்கல்' என்று சொல்லலாமே என்று கேட்கலாம். மங்குவது குறை, அடங்குவது குணம். காசு கொடுத்துப் போடும் வேலைக்குக் குறைப் பெயர் எதற்கு?

பட்டு மெருகுக்கு ஒரு கதை உண்டு. சாட்டின் என்ற துணிப் பெயர் 'ஸைத்தூன்' என்பதிலிருந்து வந்தது என்று கருதுகிறார்கள். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்துக்கு அராபிய வணிகர்கள் வைத்த பெயர் அது. அதே சுவான்சௌவில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பியிருந்தார்கள். 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. நம் ஆட்கள் வணிகம் செய்த துறைமுகத்தின் பெயர் சுற்றிக்கொண்டு வந்து அடுப்படிக் கதவில் உட்கார்ந்திருக்கிறது.

செட்டிநாட்டுச் சமையலுக்கு நான் தேர்ந்தெடுப்பது அந்தப் பட்டு மெருகைத்தான். தாளிப்பும் வறுவலும் தினம் நடக்கிற இடத்தில் கண்ணாடி மெருகு துடைக்க எளிது, உண்மை. ஆனால் பலகையில் இருக்கிற மேடுபள்ளம், பட்டி பார்த்த தடம், கைரேகை எல்லாவற்றையும் அது காட்டிக்கொடுக்கும். அடங்கிய மெருகு பழுதை மறைக்கும், எண்ணெய்க் கறையைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தித் துடைத்தால் துடைத்த இடம் மட்டும் பளபளக்கும். மஞ்சள் பட்டால் போவது கடினம். நடுவில் இருப்பது இரண்டையும் ஓரளவு சமாளிக்கிறது. அடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் மேல் அறைகளுக்கு வேண்டுமானால் அடங்கிய மெருகு வைத்துக்கொள்ளலாம்.

மெருகு தரும் பொருள்களின் பெயர்களில் பழையது அரக்கு. பூச்சி சுரக்கும் பிசினை உருக்கித் தகடாக்கி உடைத்தால் அவல் மாதிரி இருக்கும், அதனால் அவலரக்கு. ஷெல்லாக் என்பது அதுதான், ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவார்கள். வடமொழி லாக்ஷா பாரசீகம், அரபி, போர்ச்சுக்கீசியம் என்று பயணம் செய்து ஆங்கிலத்தில் லேக்கர் ஆயிற்று. நம் அரக்கும் அதே குடும்பம் என்பார்கள். கலித்தொகையின் 25ஆம் பாடலிலேயே பாண்டவர் தப்பிய வீடு அரக்கு இல் என்று வருகிறது. பெட்டிக்கும் நாற்காலிக்கும் அவலரக்கின் அழகை வேறெதுவும் தராது. அடுப்படிக்கு மட்டும் வேண்டாம். சூடும் ஈரமும் பட்டால் வெளுத்து வளையம் வளையமாகத் தடம் விழும். வார்னிஷ் என்ற பெயர் இன்றைய பெங்காசி இருக்கும் இடத்தில் இருந்த பெரெனிகே என்ற கடலோர ஊரிலிருந்து வந்திருக்கும் என்று கருதப்படுகிறது. தமிழில் மெருகெண்ணெய் என்று நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது. டூக்கோ என்பது 1920களில் டுபான்ட் நிறுவனம் கார்களுக்கு விற்ற பெயிண்டின் வணிகப் பெயர். இன்று நம் ஊரில் ஸ்பிரே அடித்த வழவழப்பான எந்தப் பூச்சுக்கும் அதுவே பெயர். பியூ என்பது பாலியூரிதேனின் சுருக்கம். தேய்மானமும் ஈரமும் தாங்குவதில் மெலமைனைவிட அது மேல், விலையும் மேல். அடுப்பை ஒட்டிய கதவுகளுக்கும் தொட்டிக்குக் கீழே உள்ள கதவுகளுக்கும் அந்தச் செலவு தகும்.

ரீஃபினிஷ் என்பதை மறுமெருகு என்று சொல்லலாம். அதில் பெரும்பங்கு பூசுவதற்கு முந்திய வேலை. எண்ணெய்ப் பிசுக்கை முதலில் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவிக் காயவைக்க வேண்டும். பிசுக்கின் மேலேயே உப்புத்தாள் போட்டால் எண்ணெய் மரத்துக்குள் போகும், பிறகு எதைப் பூசினாலும் உரிந்து வரும். 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 220 என்று போய், ஒரு கோட்டிங்குக்கும் அடுத்த கோட்டிங்குக்கும் நடுவில் 320 போடுவது வழக்கம். ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, அதனால் பூசுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிடச் சொல்லுங்கள். ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிறவர்கள் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கும் எண்ணெய் அது. விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

பழைய பெயிண்ட் இருந்தால் உலர்ந்தபடி தேய்க்க வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய அடுக்குகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தத் தூசி பறக்கக் கூடாது. ஈரமாக்கித் தேய்ப்பது அல்லது ரிமூவர் போட்டு இழுப்பது நல்லது.

எல்லாம் பேசி முடிந்ததும் ஒரு கதவைக் கழற்றி, அதன் உட்பக்கத்தில் நிறமும் மெருகும் சேர்த்து ஓர் அடி நீளத்துக்கு மாதிரி பூசித் தரச் சொல்லுங்கள். பலகை அதே பலகையாக இருக்க வேண்டும், வேறு துண்டில் காட்டுவது கணக்கில் வராது. காய்ந்த பிறகு அதை அடுப்படியிலேயே நிறுத்திவைத்து, காலை வெளிச்சத்தில் ஒருமுறையும் ராத்திரி விளக்கில் ஒருமுறையும் பாருங்கள். அப்புறம் கொஞ்சம் மஞ்சள் கலந்த எண்ணெய் தடவி, ஒரு மணி நேரம் விட்டுத் துடைத்துப் பாருங்கள். தடம் நின்றால் மெருகை ஒரு படி கூட்டச் சொல்லுங்கள், நிறத்தை மாற்ற வேண்டியதில்லை.