பெஞ்ச் பிரஸ் எடுக்கையில் ‘பட்’ என்று கேட்டால் சுளுக்கென்று விட்டுவிடாதீர்கள்

சில மாதங்களுக்கு முன் 29 வயது இளைஞர் ஒருவர் இடது தோளில் வலி என்று எங்கள் இயன்முறை மருத்துவ நிலையத்துக்கு வந்தார். லாரி புக்கிங் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்ப்பவர். ஏழு வருடமாக ஜிம்முக்குப் போகிறவர். “வலி பெருசா இல்ல சார், ஆனா பெஞ்ச் போட்டா இடது கை மட்டும் ஏற மாட்டேங்குது” என்றார். அவர் சொன்னது பெஞ்ச் பிரஸ்ஸை; பலகையில் மல்லாந்து படுத்து, எடை மாட்டிய இரும்புக் கம்பியை, அதாவது பாரை, நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளும் பயிற்சி அது. சட்டையைக் கழற்றச் சொல்லி, இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கும்பிடுவதுபோல் சேர்த்து, ஒன்றையொன்று பலமாக அழுத்தச் சொன்னேன். வலப்பக்கம் மார்புத் தசை திரண்டு, அக்குளின் முன்விளிம்பில் தடித்த கயிறுபோல் ஒரு மடிப்பு எழுந்தது. இடப்பக்கம் அந்த மடிப்பே இல்லை. கயிறு இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தால் பள்ளமாக உள்ளே இறங்கியது. தசை முழுவதும் நெஞ்செலும்பின் பக்கமாகச் சுருண்டு, முலைக்காம்பு வலப்பக்கத்தைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. மார்புப் பெருந்தசை கிழிந்திருந்தது. அடிபட்டு ஒன்பது வாரம் ஆகிவிட்டது என்றார்.

அந்த ஒன்பது வாரமும் எப்படிப் போயின என்று கேட்டறிந்தபோது எனக்கு மனம் கனத்தது, ஏனென்றால் அதில் ஒருவர்கூட அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. 110 கிலோவை நெஞ்சுவரை இறக்கும்போது தோளருகே துணி கிழிவதைப்போல் ‘பட்’ என்று கேட்டிருக்கிறது. ஜிம் மாஸ்டர் சுளுக்கு என்று சொல்லி, அங்கேயே கையை இழுத்துவிட்டார். வீட்டில் அம்மா எண்ணெயைச் சூடாக்கி நீவிவிட்டார். மறுநாள் அக்குளிலிருந்து முழங்கைவரை கருநீலமாக ரத்தம் கட்டியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் வீக்கமும் நிறமும் வடிந்து, வலியும் குறைந்தது. வலி குறைந்ததை அவர் குணமானதற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டார். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் முழுமையாக அறுந்துபோனால் அதில் இழுவிசை ஏதும் இல்லாததால் அது சில வாரங்களிலேயே வலிப்பதை நிறுத்திவிடும் என்பதும், பாதி கிழிந்ததுதான் பல நேரங்களில் நெடுநாள் வலிக்கும் என்பதும் அவருக்கு யாரும் சொல்லாத செய்தி.

இந்தக் காயம் ஏன் பெரும்பாலும் பெஞ்ச் பிரஸ்ஸிலேயே நேர்கிறது என்பது புரிந்தால், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதும் புரியும். மார்பின் பெருந்தசை விசிறியைப் போன்றது. காறை எலும்பு, நெஞ்செலும்பு, விலாக்களின் குருத்தெலும்பு ஆகியவற்றில் விரிந்து தொடங்கி, தட்டையான ஒரே தசைநாணாகக் குவிந்து, புய எலும்பின் மேற்பகுதியில் வந்து ஒட்டுகிறது. ஒட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் அதன் இழைகள் முறுக்கிக்கொள்கின்றன. கீழ் விலாக்களிலிருந்து வரும் இழைகள் எலும்பில் மேலேயும், காறை எலும்பிலிருந்து வருபவை கீழேயும் போய்ச் சேர்கின்றன. பாரை நெஞ்சுக்கு இறக்கும்போது முழங்கை உடலின் மட்டத்துக்குக் கீழே போகப்போக, அந்தக் கீழ் இழைகளே மற்றவற்றைவிட மிக அதிகமாக நீள்கின்றன. நீண்ட நிலையிலேயே அவை முழு எடையையும் தாங்கிப் பிடித்து, திசை மாற்றி மேலே தள்ளவும் வேண்டியிருக்கிறது. அந்தத் திருப்பத்தில்தான் கிழிகிறது. இந்தக் காயத்தின் முதல் மருத்துவப் பதிவு 1822ஆம் ஆண்டு பிரான்சில், கொக்கியில் தொங்கிய மாட்டிறைச்சியைத் தூக்கிய இறைச்சிக்கடைப் பையனைப் பற்றியது. அதன்பின் நெடுங்காலம் அபூர்வமாக இருந்த காயம், எடைப்பயிற்சி பரவிய பிறகே பெருகியது. பாதிக்கப்படுபவர்கள் ஏறக்குறைய எல்லோருமே 20 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆண்கள்.

சத்தம் கேட்டதும், அல்லது சத்தமே இல்லாமல் சுருக்கென்று வலித்துக் கை தளர்ந்ததும், அந்த நாளின் பயிற்சி அத்தோடு முடிந்தது என்று கொள்ளுங்கள். இன்னொரு செட் போட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். கையை உடலோடு ஒட்டி மடக்கி, கழுத்தில் மாட்டும் துணித் தூளியில் இட்டு, ஐஸை மெல்லிய துணியில் சுற்றி 15 அல்லது 20 நிமிடம் வைத்து எடுங்கள். முதல் இரண்டு நாள்களில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யலாம். எண்ணெய் தேய்த்து நீவுவது, சூடான ஒத்தடம், கையை இழுத்துச் சுளுக்கெடுப்பது ஆகிய மூன்றும் புதிதாகக் கிழிந்த தசையில் ரத்தக்கசிவைக் கூட்டும். நம் வீடுகளில் அன்பின் முதல் வெளிப்பாடே எண்ணெய்க் கிண்ணம் என்பதை அறிவேன். ஆனாலும் இந்தக் காயத்தில் அதை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள் என்று வீட்டாரிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மேற்கையிலும் அக்குளிலும் கருநீலம் பரவுதல், அக்குளின் முன்மடிப்பு மறைதல், மார்பின் வடிவம் இருபுறமும் ஒத்துப்போகாதிருத்தல், கையை உடலை நோக்கி அணைக்கும்போது வலு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், அந்த வாரத்திலேயே எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். முதல் சில நாள்களில் வீக்கமே பள்ளத்தை மறைத்துவிடும் என்பதால், மடிப்பு தெரிகிறதே என்று நிம்மதி அடைந்துவிடாமல் பத்து நாள் கழித்து மறுபடியும் காட்டுவது நல்லது. எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது, எம்ஆர்ஐ வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வழக்கமான தோள்பட்டை எம்ஆர்ஐயின் எல்லை தோள்மூட்டைச் சுற்றியே அமைந்திருப்பதால், மார்புத் தசைநாண் ஒட்டும் இடம் படத்துக்கு வெளியே போய்விடக்கூடும். சீட்டில் ‘தோள் வலி’ என்று மட்டும் எழுதாமல் மார்புப் பெருந்தசைக் கிழிசல் என்ற சந்தேகத்தையும் குறிப்பிடும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் ‘தோள் நன்றாக இருக்கிறது’ என்ற அறிக்கையோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தசையின் நடுப்பகுதியில் ஏற்படும் கிழிசல்கள் பெரும்பாலும் ஓய்விலும் படிப்படியான பயிற்சியிலும் ஆறிவிடுகின்றன. தசைநாண் எலும்பிலிருந்து முழுதாகப் பிய்ந்திருந்தால், உடலுழைப்பு செய்யும் இளைஞர்களுக்கு அறுவை சிகிச்சையே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. முதல் சில வாரங்களுக்குள் செய்தால் தசைநாணை எடுத்து எலும்பில் பழைய இடத்திலேயே பொருத்துவது எளிது. ஆறு வாரத்தைத் தாண்டத் தாண்டத் தசை சுருங்கி, சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொள்கிறது. இழுத்தால் எலும்பை எட்டாத நிலையில் வேறிடத்துத் தசைநாணை எடுத்து இடையில் இணைக்க வேண்டிவரும். அறுவைக்குப் பிறகு நான்கு முதல் ஆறு வாரம் தூளியில் கை, அதன்பின் மெதுவான அசைவு, மூன்று மாதமளவில் இலேசான வலுவூட்டல், பாரைத் தொட ஏறத்தாழ ஆறு மாதம் என்பது பொதுவான கணக்கு. “ஜான் சினா நாலே மாசத்துல திரும்பி வந்தாரே?” என்று என்னிடம் கேட்காத ஜிம் இளைஞர் குறைவு. அமெரிக்க மல்யுத்த வீரரான அவர் 2007 அக்டோபரில் மார்புத் தசை கிழிந்து, 2008 ஜனவரியில் மேடையேறியது உண்மைதான். அறுவை சிகிச்சை உடனடியாக நடந்தது என்பதையும், குணமாவதையே முழுநேர வேலையாகச் செய்யும் வசதி அவருக்கு இருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மார்பில் வரும் வலியெல்லாம் கிழிசல் ஆகிவிடாது. நெஞ்செலும்பும் விலாவும் சேரும் குருத்தெலும்பில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய அளவுக்கு ஒரே புள்ளியில் வலித்து, இருமினாலும் மூச்சை இழுத்தாலும் கூடுவது குருத்தெலும்பு அழற்சியாக இருக்கலாம். இரு கம்பிகளில் கைகளை ஊன்றி உடலை இறக்கி ஏற்றும் ‘டிப்ஸ்’ அதிகம் எடுப்பவர்களிடம் இதைக் காண்கிறேன். சில வாரம் அந்த அசைவைத் தவிர்த்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதுவரை தசையைப் பற்றிச் சொன்னவை எதுவும் ஒரு விஷயத்தில் உங்களை அலட்சியப்படுத்திவிடக் கூடாது. நெஞ்சின் நடுவே பாரம் ஏற்றியதுபோன்ற இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, சில்லென்ற வியர்வை, மூச்சுத்திணறல், தலைசுற்றல் ஆகியவை இருந்தால், “நேத்து செஸ்ட் போட்டேன், அதான்” என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். அழுத்தினால் வலிக்கிறது என்பதற்காகவும் இதயம் இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது. 2021 ஜனவரி 2 அன்று சவுரவ் கங்குலிக்கு, 48 வயதில், வீட்டில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சில் அசௌகரியம் ஏற்பட்டது. அன்றே மருத்துவமனைக்குச் சென்றதால் அன்றே அடைப்பு கண்டறியப்பட்டு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. விளையாட்டு வீரரின் உடல்கூட விதிவிலக்கு ஆகவில்லை. 108ஐ அழையுங்கள், இசிஜி எடுத்த பிறகு தசையைப் பற்றிப் பேசலாம். ஒல்லியான, உயரமான இளைஞர்களுக்கு எடை தூக்கும்போது திடீரென ஒரு பக்கம் குத்தி மூச்சு வாங்கினால், நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருக்கவும் வாய்ப்புண்டு. அதுவும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைதான்.

தடுப்பதற்கு எளிய வழிகள் இருக்கின்றன. பாரைப் பிடிக்கும் அகலம் தோளின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாமலும், முழங்கைகள் சிலுவைபோல் பக்கவாட்டில் முழுதாக விரியாமலும் பார்த்துக்கொண்டால் அந்தக் கீழ் இழைகளின் நீட்சி குறையும். இறக்குவதை நிதானமாகச் செய்யுங்கள். நெஞ்சில் மோதித் துள்ளவிட்டு ஏற்றும் பழக்கத்தை அறவே விடுங்கள். வெறும் பாரில் தொடங்கி எடையை ஏற்றுங்கள். கட்டைவிரலைப் பாரைச் சுற்றிப் போடுங்கள். போடாமல் பிடித்த பார் நழுவினால் விழுவது நெஞ்சிலோ கழுத்திலோதான். கனமான செட்டில் தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும், அவர் கண் அலைபேசியில் இருக்கக் கூடாது.

ஊக்கமருந்து ஊசிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவை தசையைப் பருக்கவைக்கும் வேகத்தில் தசைநாண் வலுப்பெறுவதில்லை. நாண் பலவீனமாக இருக்கையில் எடை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அறையில் அம்மாவோ அப்பாவோ இருப்பதால் தயங்குகிறீர்கள் என்றால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், அவர்களைச் சற்று வெளியே அனுப்பிவைப்போம்.

அந்த இளைஞருக்குத் தொடையிலிருந்து எடுத்த தசைநாணைக் கொண்டு அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதம் ஆகிறது. கடந்த வாரம் எங்கள் நிலையத்துச் சுவரில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றி, நின்றபடியே பன்னிரண்டு தண்டால் எடுத்தார். இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்தின் அளவுக்கு எழவில்லை; ஆனால் எழுந்தது. பாருக்கு இன்னும் மூன்று மாதம் என்றேன். தேதியை அலைபேசியில் குறித்துக்கொண்டு, மாஸ்டரையும் அடுத்த முறை அழைத்து வரட்டுமா, அந்தக் கும்பிடும் சோதனையை அவரும் ஒருமுறை நேரில் பார்க்கட்டும் என்று கேட்டார். வரச் சொல்லியிருக்கிறேன்.