பிரம்பை எடுத்த இடத்தில் என்ன வைத்தோம்?

தரம் 6 அனுமதிக் காலத்தில், கொழும்பின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஆண்டு தவறாமல் நான் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "கண் இரண்டையும் விட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் அடியுங்கள், சேர்." சொல்கிறவர் கொடியவர் அல்லர். விடியுமுன் புறக்கோட்டைக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் தகப்பன். பிள்ளையைப் பாடசாலையிடம் நம்பி ஒப்படைக்க அவருக்குத் தெரிந்த சொல் அதுதான்.

அவர் தருகிற அந்த அனுமதி செல்லாது. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை 2005 இலேயே சொல்லிவிட்டது. ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்துகையையும் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரையை மீறிய செயல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தும் சில வகுப்புகளில் பிரம்பு இன்னும் மேசையில் கிடக்கிறது. பிரம்பு மறைந்த வகுப்புகளிலோ அதன் இடத்தை ஏச்சும் முழங்காலில் நிறுத்துவதும் வகுப்புக்கு வெளியே அனுப்புவதும் பிடித்துக்கொண்டன.

உளவளத்துணையாளராக இந்தப் பாடசாலைகளுக்குள் போய்வரும் எனக்கு, இதில் ஆசிரியர்களை மட்டும் குறைசொல்ல மனம் வரவில்லை. பிரம்பைக் கீழே வையுங்கள் என்று சொன்னோம். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை.

நேர்நிலை நடத்தை ஆதரவு என்ற திட்டத்தை இங்கே அறிமுகப்படுத்த நாங்கள் முயல்வது அதனால்தான். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் 1980களின் பிற்பகுதியில் உருவெடுத்த அணுகுமுறை இது. கணிதத்தில் பிழைவிடும் பிள்ளைக்கு மீண்டும் கணக்கைக் கற்பிக்கிறோம் அல்லவா, நடத்தையில் பிழைவிட்டாலும் அப்படியே கற்பிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. மூன்று முதல் ஐந்து வரையான எதிர்பார்ப்புகளைப் பாடசாலை முழுவதற்கும் பொதுவாக வகுத்து, அவை படிக்கட்டில் எப்படி இருக்கும், சிற்றுண்டிச்சாலையில் எப்படி இருக்கும் என்று நடத்திக் காட்டுவார்கள். ஏறத்தாழ 80 வீதமான பிள்ளைகளுக்கு இதுவே போதும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 15 வீதமானோருக்குக் கூடுதல் கவனிப்பும், எஞ்சிய 5 வீதமானோருக்குத் தனித் திட்டமும் தேவைப்படும்.

வட கொழும்பில் ஒரு பாடசாலையில் நாங்கள் தொடங்கியது ஒழுக்காற்றுப் பதிவேட்டிலிருந்து. பக்கம் பக்கமாக ஒரே சொல்: "குழப்படி". யார் என்பது இருந்தது. எங்கே, எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது என்பவை இல்லை. அந்த மூன்றையும் சேர்த்து எழுதும்படி ஒரு தவணை முழுவதும் கேட்டுக்கொண்டோம். தவணை முடிவில் பதிவேட்டைப் புரட்டியபோது பகுதித் தலைவர் தாமாகவே பேனாவை எடுத்து ஒரு சொல்லை மீண்டும் மீண்டும் வட்டமிட்டார்: படிக்கட்டு. இடைவேளை மணி அடித்ததும் மேல்மாடியிலிருந்து இறங்கும் தரம் 9 மாணவர்களும் கீழிருந்து ஏறும் தரம் 6 பிள்ளைகளும் அந்த ஒடுங்கிய படிக்கட்டில் நெருக்குண்டார்கள். தள்ளுவார்கள், ஒருவரின் சாப்பாட்டுப் பெட்டி விழும், அடிதடி. ஆண்டுக்கணக்கில் நாங்கள் பையன்களைத் தண்டித்துக்கொண்டிருந்தோம், பிரச்சினை படிக்கட்டில் இருந்திருக்கிறது. இரு பிரிவுகளுக்கும் மணியைச் சில நிமிட இடைவெளி விட்டு அடித்தார்கள். இடப்பக்கமாக ஏறி இறங்குவதைத் தரம் 6 பிள்ளைகளுக்கு மூன்று நாட்கள் நடத்திக் காட்டினார்கள். செலவு ஒரு சதமும் இல்லை.

எல்லாப் பிரச்சினையும் மணி மாற்றித் தீர்வதில்லை. தரம் 7 மாணவன் ஒருவன் வாரத்தில் பல தடவை வகுப்புக்கு வெளியே நின்றான். எந்தப் பாடவேளைகளில் என்று குறித்துப் பார்த்தோம். உரத்து வாசிக்கச் சொல்லும் வேளைகளில் மட்டும். அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பதே கடினம்; முறை தன்னிடம் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டிவிடுவான். வெளியே அனுப்பியது அவனுக்குத் தண்டனையாக இருக்கவில்லை. அவமானத்திலிருந்து தப்பிக்க நாங்களே கதவைத் திறந்துவிட்டிருக்கிறோம்.

அவனுக்கு நாளாந்த அட்டை ஒன்று கொடுத்தோம். காலையில் ஓர் ஆசிரியையைச் சந்திப்பான், ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் நடத்தைக்கு 0, 1 அல்லது 2 புள்ளி, வீடு போகுமுன் மறுபடியும் அதே ஆசிரியை. வாசிப்புக்குத் தனியாக உதவி. இரண்டாவது வாரத்தில் தவறு நேர்ந்தது, அது என்னுடைய தவறு. அட்டை கையொப்பத்துக்காக வீட்டுக்குப் போனது. பூச்சியத்தைப் பார்த்துத் தகப்பன் அடித்துவிட்டார். அன்று முதல், பெற்றோரை முதலில் நேரில் அழைத்துப் பேசாமல் எந்த அட்டையையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. இந்தத் திட்டத்தைத் தொடங்க நினைக்கும் அதிபர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

தரம் 6 முதல் 9 வரையான வயது தனி. ஆரம்பப் பிரிவில் நட்சத்திரம் ஒட்டினால் முகம் மலரும். தரம் 9 மாணவனைக் காலைக் கூட்டத்தில் மேடையேற்றிப் பாராட்டினால் நண்பர்களின் கேலிக்கு அஞ்சி அடுத்த நாளே வேண்டுமென்று குழப்புவான். அவனுக்குத் தாழ்வாரத்தில், தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். "நல்ல பிள்ளை" என்பதில் அவன் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. "கோபம் வந்தும் கையை நீட்டாமல் விலகிப் போனாய், பார்த்தேன்" என்பதில் இருக்கிறது. ஒரு கண்டிப்புக்கு நான்கு பாராட்டாவது வேண்டும் என்பார்கள். என் அனுபவத்தில், எண்ணத் தொடங்கும் ஆசிரியர் முதல் நாளிலேயே திடுக்கிடுகிறார்.

"இது வெளிநாட்டுப் பாடசாலைகளுக்குச் சரி, இங்கே சரிவராது" என்பவர்களுடன் நான் வாதிடுவதில்லை. அவர்களுடைய பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்கிறேன். ஆசிரியர்களில் பெரும்பாலானோர் மனமொப்பாமல் சுவரொட்டி ஒட்டித் தொடங்கிய பாடசாலைகளில் இது ஒரு தவணைகூடத் தாங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னும் கைவைக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. மாணவர் தலைவர்கள். ஆசிரியர்கள் கைவிட்ட தண்டனைகளைப் பல பாடசாலைகளில் இவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள், பெரியவர்களும் கண்டும் காணாமல் இருக்கிறார்கள். தண்டிக்கும் அதிகாரத்தை அவர்களிடமிருந்து எடுத்து, படிக்கட்டிலும் சிற்றுண்டிச்சாலையிலும் தரம் 6 பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதிபர்கள் இருவர் சம்மதித்திருக்கிறார்கள். அடுத்த தவணையில் தொடங்குகிறோம்.