ஆவிக்குரிய அதிகாரம்: சொல்லும் பொருளும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வெளிநாட்டுப் போதகர் ஒருவர் ஆங்கிலத்தில் பிரசங்கிக்க, பக்கத்தில் நின்று ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டு போவது கொழும்புச் சபைகளில் வழக்கம். பேச்சு வேகமெடுத்ததும் ‘பவர்’, ‘ஓதோரிட்டி’ இரண்டுமே தமிழில் ‘வல்லமை’ என்று வந்து விழும். கேட்டவர்கள் பிசாசை எதிர்க்கத் தங்களுக்கு இன்னும் வல்லமை போதாது என்ற கவலையோடு வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் மடியில் இருந்த வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை.

லூக்கா 10:19ஐ எடுத்துப் பாருங்கள்: “இதோ, சர்ப்பங்களையும் தேள்களையும் மிதிக்கவும், சத்துருவினுடைய சகல வல்லமையையும் மேற்கொள்ளவும் உங்களுக்கு அதிகாரங்கொடுக்கிறேன்.” ஒரே வசனத்தில் இரண்டு சொற்கள். வல்லமை சத்துருவுக்கு உரியது. சீஷர்களுக்குக் கொடுக்கப்பட்டது அதிகாரம். கிரேக்க மூலத்திலும் இரண்டும் வேறு வேறு: சத்துருவிடம் இருப்பது ‘துனாமிஸ்’, சீஷர் பெற்றது ‘எக்சூசியா’. 1611இல் வந்த ஆங்கில வேதாகமம் இரண்டையும் ‘பவர்’ என்றே எழுதியது. குழப்பத்தின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. 1871இல் வெளிவந்து இன்றும் சபைகளில் வாசிக்கப்படும் தமிழ் வேதாகமம் இந்த இடத்தில் அதைவிடத் தெளிவாக நின்றது. தமிழில் தெளிவாக இருந்ததை ஆங்கிலம் வழியாகக் கேட்டு நாம் கலக்கிக்கொண்டோம்.

‘எக்சூசியா’ என்ற சொல் ‘எக்செஸ்தி’ என்ற வினையிலிருந்து வந்தது. அதற்கு ‘அனுமதி உண்டு’, ‘செய்யலாம்’ என்று பொருள். ‘துனாமிஸ்’ பிறந்தது ‘துனாமாய்’ என்ற வினையில். அதன் பொருள் ‘செய்ய முடியும்’. இந்த வித்தியாசத்தை விளக்கத் தமிழில் பெரிய சொல் எதுவும் தேவையில்லை, அன்றாடப் பேச்சில் வரும் ‘லாம்’, ‘முடியும்’ இரண்டுமே போதும். “கதிரையில் இருக்கலாம்” என்பது வீட்டுக்காரர் தரும் அனுமதி. “கதிரையில் இருக்க முடியும்” என்பது இருப்பவருடைய உடம்பைப் பொறுத்தது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இதை நன்றாகப் பிடித்திருந்தார்கள். 1 கொரிந்தியர் 6:12இல் ‘எக்செஸ்தி’ வரும் இடத்தை “எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு” என்று எழுதினார்கள். யோவான் 1:12இல் தேவனுடைய பிள்ளைகளாகும்படி கொடுக்கப்படுவதும் இதே எக்சூசியாதான். பழைய வேதாகமத்தில் அது ‘அதிகாரம்’, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ‘உரிமை’. இரண்டும் சரி. இரண்டையும் சேர்த்து வாசித்தால் பொருள் இன்னும் துலங்கும்.

லூக்கா வசனத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பழைய மொழிபெயர்ப்பு ‘கொடுக்கிறேன்’ என்கிறது, பொது மொழிபெயர்ப்பு ‘கொடுத்திருக்கிறேன்’ என்கிறது. இது மொழிபெயர்ப்பாளரின் விருப்பத்தால் வந்த மாற்றம் அல்ல. முன்னது பின்பற்றிய கிரேக்கப் பிரதியில் நிகழ்காலமும், பிற்காலத்தில் ஒப்புநோக்கித் திருத்திய பதிப்பில் முடிந்த காலமும் உள்ளன. இரண்டாவது பாடத்தின்படி, பிசாசுகளும் தங்களுக்குக் கீழ்ப்படிகின்றன என்று சீஷர்கள் திரும்பி வந்து சந்தோஷத்தோடு சொன்ன காரியம், அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்த அதிகாரத்தின் விளைவு.

அப்படியானால் ‘அதிகாரம்’ நல்ல தமிழா? வடமொழி ‘அதிகார’ என்பதன் தமிழ் உருவம் அது. ஆனால் நெடுங்காலம் நம்மோடு இருந்து உருண்டு தேய்ந்த சொல். தொல்காப்பியம் மூன்று அதிகாரங்கள், திருக்குறள் 133 அதிகாரங்கள், ‘சிலப்பதிகாரம்’ என்ற பெயரின் உள்ளேயே ஓர் அதிகாரம். லூக்கா 10ஆம் அதிகாரத்தில்தான் இந்த ‘அதிகாரம்’ பற்றிப் படிக்கிறோம். இலங்கையில் இச்சொல்லுக்கு ஆட்சி வாசனையும் உண்டு. கண்டி இராச்சியத்தில் அரசனுக்கு அடுத்த நிலையில் இருந்த பெரிய அமைச்சரின் பதவிப் பெயர் ‘மகா அதிகாரம்’. அவர் இடும் கட்டளைக்குப் பின்னால் நின்றது அரசனின் பெயர். அரசன் நீக்கிவிட்டால் அவரிடம் எஞ்சுவது ஒன்றுமில்லை.

இன்றைய கொழும்பில் இதற்கு இன்னும் கிட்டிய ஒரு சொல் இருக்கிறது: ‘அற்றோணித் தத்துவம்’. ‘தத்துவம்’ என்றால் மெய்யியல் என்று நினைக்கும் தமிழக வாசகருக்கு இது புதிராக இருக்கும். இலங்கைச் சட்டத் தமிழில் ‘தத்துவம்’ என்றால் ஒரு செயலைச் செய்யச் சட்டம் தரும் அதிகாரம். கனடாவில் இருக்கும் அண்ணன் வெள்ளவத்தை வீட்டை விற்கத் தம்பிக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கிறார். புதுக்கடையில் நொத்தாரிசுக்கு, அதாவது பத்திரத்தை உறுதிப்படுத்துபவருக்கு, முன்னால் தம்பி கையெழுத்திடும்போது அங்கே நடப்பது அண்ணனின் விற்பனை. தம்பி நோஞ்சானா பலசாலியா, மெதுவாகப் பேசுவாரா கத்துவாரா என்பதை யாரும் பார்ப்பதில்லை. மூன்றே கேள்விதான்: பத்திரம் உண்மையா, இன்னும் செல்லுபடியாகுமா, அதில் எழுதியிருக்கும் காரியத்துக்கு உள்ளேதான் இவர் செயற்படுகிறாரா? ‘இயேசுவின் நாமத்தில்’ என்ற தொடர் வேதாகமத்தில் இந்தப் பொருளில்தான் நிற்கிறது. கப்பர்நகூமில் இருந்த நூற்றுக்கு அதிபதி, அதாவது நூறு சேவகருக்குத் தலைவன், இதை ஒரே மூச்சில் சொன்னான்: “நான் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டிருந்தும், எனக்குக் கீழ்ப்பட்டிருக்கிற சேவகருமுண்டு” (மத்தேயு 8:9). மேலே கீழ்ப்படிகிறவன் என்பதால்தான் அவன் சொல்லுக்குக் கீழே மதிப்பு. யாக்கோபு 4:7இன் வரிசையும் அதுவே. முதலில் “தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்”, பிறகு “பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்”. சபைச் சுவர்களில் பின்பாதியை மட்டும் எழுதிவைக்கும்போது இந்த வரிசை போய்விடுகிறது.

பத்திரமே இல்லாமல் நொத்தாரிசிடம் போனால் என்ன கேட்பார்? “நீர் யார்?” அப்போஸ்தலர் 19இல், இயேசுவின் பெயரைச் சொல்லி ஆவி துரத்தப் பார்த்த ஸ்கேவா என்ற யூத ஆசாரியனின் ஏழு குமாரரிடம் பொல்லாத ஆவி கேட்டதும் அதையே: “இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?” அந்த அதிகாரத்தில் இப்படி ஆவி துரத்தித் திரிந்தவர்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘எக்சோர்கிஸ்தேஸ்’. ‘எக்சோர்சிசம்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லின் மூலம் இந்தக் குடும்பந்தான். ‘ஹோர்கோஸ்’ என்றால் சத்தியப்பிரமாணம். அதைச் சொல்லிக் கட்டாயப்படுத்துபவன் எக்சோர்கிஸ்தேஸ். தமிழ் வேதாகமம் அவர்களை ‘மந்திரவாதிகள்’ என்கிறது. நம் ஊர் நிலைமை தெரிந்தவர்களுக்கு இது மிகப் பொருத்தமான சொல். நம் நாட்டு மந்திரங்களிலும் ‘குருவாணை’, ‘ஈஸ்வரன் ஆணை’ என்று ஆணையிட்டே கட்டளை பிறக்கும். தமிழில் ‘ஆணை’ கட்டளையையும் குறிக்கும், ‘அம்மாவாணை’ என்பதுபோலச் சத்தியத்தையும் குறிக்கும் என்பதை இங்கே மனதில் வைக்க வேண்டும்.

சுவிசேஷங்களில் இயேசு எந்த ஆவியையும் இப்படிச் சத்தியம் வைத்து விரட்டவில்லை. மாற்கு 5:7இல் “தேவன்பேரில் உமக்கு ஆணை” என்று சொல்வது ஆவி பிடித்தவன். ‘எக்சோர்கிசோ’ என்ற வினை புதிய ஏற்பாட்டில் வருவது ஒரே இடத்தில், அதுவும் பிரதான ஆசாரியன் வாயில்: “ஜீவனுள்ள தேவன்பேரில் உன்னை ஆணையிட்டுக் கேட்கிறேன்” (மத்தேயு 26:63). இயேசுவின் செயலைச் சொல்ல வரும் வினைகள் வேறு: அதட்டினார், கட்டளையிட்டார், துரத்தினார். மத்தேயு 8:32இல் அவர் சொன்னது “போங்கள்” என்ற ஒரே சொல். பிலிப்பியில் பவுல் சொன்னதும் ஒரே வாக்கியம்: “நீ இவளை விட்டுப் புறப்படும்படி இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே உனக்குக் கட்டளையிடுகிறேன்.” ‘இயேசுவின் நாமத்தில்’ என்பதை நூறு தடவை, இருநூறு தடவை என்று உருவேற்றுகிறவர்கள் தெரியாமலே ஸ்கேவாவின் வீட்டு வாசலில் நிற்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தின் பெயர்களிலும் கவனம் வேண்டும். கத்தோலிக்கர் ‘பேயோட்டுதல்’ என்பார்கள், மற்றச் சபைகளில் ‘பிசாசு துரத்துதல்’. ‘பேய்’ சங்க காலத்திலேயே உள்ள சொல், ‘பிசாசு’ வடமொழி வழி வந்தது. பேய் என்றால் நம்மவர் மனதில் முதலில் வருவது செத்தவரின் ஆவி. புதிய ஏற்பாட்டில் துரத்தப்படும் ஆவிகள் எவையும் இறந்த மனிதராகச் சொல்லப்படவில்லை. இதை விளக்காமல் விட்டால் நடப்பது என்ன? ஜெபத்தின் நடுவே பாதிக்கப்பட்டவர் போன வருடம் தூக்கிட்டு இறந்த அயல்வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்வார். அது வெளியே போகும், இரண்டு குடும்பங்கள் ஆண்டுக்கணக்காக முகம் பார்க்காது. ஆகவே கூட்டங்களில் ‘அசுத்த ஆவி’, ‘தீய ஆவி’ என்று சொல்வதே நல்லது.

‘கட்டுதல்’ என்ற சொல்லிலும் அப்படி ஒரு சறுக்கல் இருக்கிறது. “பூலோகத்திலே நீங்கள் எவைகளைக் கட்டுவீர்களோ” (மத்தேயு 18:18) என்பதை வைத்து ஊரையும் வீதியையும் ஆவிகளையும் ‘கட்டி ஜெபிப்பது’ பரவியிருக்கிறது. ‘கட்டுதல், அவிழ்த்தல்’ யூத ரபிமாரிடையே ‘தடைசெய்தல், அனுமதித்தல்’ என்ற பொருளில் வழங்கிய இணைச்சொல். 18ஆம் அதிகாரத்தில் பேச்சும் சபைக்குள் குற்றம் செய்த சகோதரனைப் பற்றியது. வாய்க்கட்டு, உடற்கட்டு என்று மாந்திரீகத்தில் பழகிய காதுக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது. பலவானைக் கட்டுவது பற்றி மத்தேயு 12:29 சொல்வது உண்மை. அங்கே கட்டுகிறவர் கிறிஸ்து.

இனி, இந்த அதிகாரம் ஒரு வீட்டில் எப்படிக் கையாளப்பட வேண்டும் என்பது. கத்தோலிக்க ஒழுங்கு கண்டிப்பானது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் பிரிவுப்படி, ஆயரின் சிறப்பான, வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நடத்த முடியாது. கொழும்பில் அந்த அனுமதி பேராயரிடம் இருந்து வர வேண்டும். பக்தி, அறிவு, விவேகம், நேர்மையான வாழ்வு உள்ள குருவுக்கே அதைக் கொடுக்கலாம். பொதுநிலையினர் செய்யக்கூடியது தீமையிலிருந்து விடுவிக்கும்படி கடவுளிடம் மன்றாடுவது. பெந்தெகொஸ்தே சபைகளில் இப்படி எழுதப்பட்ட சட்டம் இல்லாததால் பொறுப்பு முழுவதும் ஊழியர் தலையில் விழுகிறது.

முதலில் பாதிக்கப்பட்டவரோடு தனியாகவும் குடும்பத்தோடு தனியாகவும் பேச வேண்டும்: எப்போது தொடங்கியது, நித்திரை எப்படி, என்ன மருந்து எடுக்கிறார், எதை நிறுத்தினார், அண்மையில் யாராவது இறந்தார்களா. பல வீடுகளில் அதற்கு முன்பே நூல் கட்டி, தேசிக்காய் வெட்டி, தாயத்தும் போட்டிருப்பார்கள். அதையும் வெட்கப்படுத்தாமல் கேட்க வேண்டும். வலிப்பு, பிரமை, பிரசவத்துக்குப் பிந்திய மனக்குழப்பம் போன்றவற்றுக்கு வைத்தியரைக் காட்டாமல் ஜெபத்தைத் தொடங்கக் கூடாது. மத்தேயு 4:24 பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும், அதாவது வலிப்பு நோயாளரையும், தனித்தனியாகவே எண்ணுகிறது. இரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்து வரும் இடமும் 17ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதனால்தான் ஊழியர் தானாக முடிவெடுக்கக் கூடாது. அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. ‘விசுவாசத்தோடு மாத்திரையை விடு’ என்று சொல்ல லூக்கா 10:19 யாருக்கும் அதிகாரம் தரவில்லை. அதில் எழுதியிருக்கும் எல்லை சத்துருவின் வல்லமை மட்டும்.

ஜெபிக்கும்போது குறைந்தது இருவர் இருக்க வேண்டும், பெண்ணுக்கு ஜெபித்தால் ஒரு பெண் கூட இருக்க வேண்டும். தலையில் கை வைப்பதற்கும் அவருடைய சம்மதம் கேட்க வேண்டும். கட்டி வைப்பது, அடிப்பது, மிளகாய்ப் புகை காட்டுவது, சாப்பாடு மறுப்பது எல்லாம் அதிகாரம் இல்லாதவன் பலத்தைத் தேடும் அடையாளங்கள், சட்டப்படி குற்றமுங்கூட. ஆவியோடு நீண்ட உரையாடல் வேண்டாம். மாற்கு 1:25இல் இயேசு முதலில் சொன்னது “பேசாமல்” இரு என்பதே. பிசாசைத் திட்டி ஏசுவதும் வேண்டாம். பிரதான தூதனாகிய மிகாவேல்கூடத் தூஷணமாய்ப் பேசத் துணியாமல் “கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக” என்றான் (யூதா 9). தாயத்து இருந்தால் அதை அறுப்பது ஊழியர் வேலையல்ல. எபேசுவில் மந்திரப் புத்தகங்களை உடையவர்களே கொண்டுவந்து எரித்தார்கள், அவற்றின் விலை ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. பாதிக்கப்பட்டவர் தன் வாயால் ‘இதை விட்டு விலகுகிறேன்’ என்று சொல்லித் தன் கையால் கழற்ற வேண்டும். அதன் பிறகு ஒரு சிறு கட்டளை, ஒரு ஸ்தோத்திர ஜெபம், ஒரு சங்கீதம். கட்டளைக்குப் பலன் தெரியாவிட்டால் குரலை உயர்த்தாமல் நிறுத்திவிட்டு ஜெபத்துக்குத் திரும்ப வேண்டும். மாற்கு 9இல் தங்களால் முடியாமல் போன சீஷருக்கு இயேசு காட்டிய வழி அது.

பிரசங்கத்தை மொழிபெயர்ப்பவர்களுக்கு: பேச்சாளர் மத்தேயு 10:1, 28:18, லூக்கா 10:19, யோவான் 1:12 ஆகியவற்றை எடுத்தால் ‘அதிகாரம்’ என்றே சொல்லுங்கள், விளக்கம் தேவைப்பட்டால் ‘கையளிக்கப்பட்ட உரிமை’ என்று சேர்க்கலாம். அப்போஸ்தலர் 1:8 வந்தால் ‘பெலன்’ அல்லது ‘வல்லமை’. லூக்கா 9:1இல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும், ஒன்றையும் விழுங்க வேண்டாம். எபேசியர் 6:12இல் “துரைத்தனங்களோடும், அதிகாரங்களோடும்” என்று பன்மையில் வருவது எதிரிப் படையின் பதவிப் பெயர். செயலுக்குப் பெயர் வேண்டுமானால் ஆவியைக் குறித்து ‘துரத்துதல்’, அதிலிருந்து வெளியே வந்த மனிதரைக் குறித்து ‘விடுதலை’.