சுவருக்குப் பின்னால் கனலும் நெருப்பு

தீ அணைந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரத்தில்தான் எனக்குப் பயம் தொடங்கும். பலகைச் சுவருக்குள், மரச்சட்டத்தில், நீறுபூத்த கங்கு ஒன்று மிச்சமிருந்தாலும் போதும், சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றிக்கொள்ளும். புகை உணரிக்கு அது தெரியாது. புகை அதைத் தேடி வர வேண்டும். அகச்சிவப்புக் கேமராவுக்கோ சுவரின் மேற்பரப்பு சூடேறிய பிறகுதான் தெரியும்.

தீ உணரிகளைப் பொருத்திச் சோதிப்பது என் வேலை. மைக்ரோவேவ் பக்கம் நான் திரும்பியதற்கு இந்தக் கங்குதான் காரணம்.

சூடான எந்தப் பொருளும் மிக மெல்லிய மைக்ரோவேவ் இரைச்சலையும் வெளிவிடுகிறது; இது காதில் விழும் ஒலி அல்ல, ஒருவகை ரேடியோ அலை. சூடு ஏற ஏற அதுவும் ஏறும். புகை, உலர்ந்த மரம், ஜிப்சம் பலகை ஆகியவற்றை அது பெருமளவு கடந்து வந்துவிடும். அதைக் கேட்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. டிஷ் ஆன்டெனாவின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அலையை வாங்கிப் பெருக்கித் தரும் எல்.என்.பி.யே போதும். 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை அதற்குக் காது உண்டு.

ஒருநாள் ஜிப்சம் பலகை ஒன்றை நிறுத்தி, இந்தப் பக்கம் எல்.என்.பி.யை ஒரு மீட்டரோடு இணைத்து வைத்து, அந்தப் பக்கம் கனலும் கரித்தட்டை மெல்லத் தள்ளினேன். பலகையைத் தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சியாகவே இருந்தது. மீட்டர் முள் ஏறியது. தட்டை இழுத்தேன், இறங்கியது. நான்கைந்து முறை செய்து பார்த்த பிறகுதான் நம்பினேன்.

கணக்கும் எளிது. சுற்றுப்புறம் 300 கெல்வின் (சுமார் 27 டிகிரி செல்சியஸ்), கங்கு 1000 கெல்வின் (சுமார் 727 டிகிரி), உணரியின் பார்வையில் கங்கு 1 சதவீத இடத்தை அடைத்திருக்கிறது என்றால், உணரி காணும் சராசரி வெப்பநிலை அதிகபட்சம் 7 கெல்வின் உயரும். பலகை அதில் கொஞ்சம் விழுங்கும். தொல்லை என்னவென்றால், எல்.என்.பி.யே வெயிலில் சூடேறினால் அதன் பெருக்கம் மாறி, இதே அளவுக்குப் பொய்க்கணக்குக் காட்டும். இதற்கு அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் டிக் 1946-லேயே வழி சொல்லிவிட்டார்: வெப்பநிலை தெரிந்த ஒரு பொருளையும் இலக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்து, வித்தியாசத்தை மட்டும் எடுக்க வேண்டும். நான் மைக்ரோவேவை உறிஞ்சும் நுரைத்துண்டு ஒன்றை எல்.என்.பி.யின் வாய்க்கு முன்னால் ஆட்டிவிட்டுப் பார்க்கிறேன். இதைச் செய்யாத எந்த மலிவு உணரியையும் நம்பாதீர்கள்.

டியூப்லைட்டும் ஏமாற்றும், அதன் உள்ளிருக்கும் வாயுவும் இதே அலைகளை வெளிவிடுவதால். சூரியன் பார்வையில் விழுந்தாலும் அப்படித்தான். உலோகத் தகட்டுக்குப் பின்னால் எது எரிந்தாலும் தெரியாது. தண்ணீர் பீய்ச்சி நனைந்த சுவரும் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். அணைத்த பிறகு சோதிக்கும்போது இதுதான் என்னை அதிகம் வாட்டுகிறது. நனைந்த இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று மீட்டர் சொன்னால் நான் ஏற்பதில்லை, பலகையை உடைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'மைக்ரோவேவ் சென்சார்' என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிப்பவை. தாமே அலையை அனுப்பி, திரும்பி வருவதில் அசைவைத் தேடுகின்றன, சூட்டை அளப்பதில்லை. தீக்காக என்று நம்பி அதை மாட்டிவிட்டு, கூரையிலிருந்த புகை உணரியைக் கழற்றிவிட்ட ஓர் இடத்தை நேரில் பார்த்தேன். அன்றே புகை உணரியைத் திரும்ப மாட்ட வைத்தேன். எல்.என்.பி. வைத்த இடங்களிலும் அதைக் கழற்ற நான் விடுவதில்லை.